விலைக்கு வந்த தன்னம்பிக்கை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நம் ஊர்ப் பேருந்து நிலையத்தின் சுவர்களில் மூன்று வகைச் சுவரொட்டிகளைக் காணலாம். ஒன்று திரைப்படச் சுவரொட்டி. மற்றொன்று கண்ணீர் அஞ்சலி. மூன்றாவது, கோட்டும் டையும் அணிந்த ஒருவர் நம்மை நோக்கி விரல் நீட்டி, 'உன்னால் முடியும்' என்று அறைகூவும் சுவரொட்டி. இந்த மூன்றாவது வகையின் முன்னால் சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் நான் வெகுநேரம் நின்றேன். அப்படி நின்றதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை, வட்டியோடு சேர்த்து 3,692 ரூபாய் 50 காசு. அந்தக் கணக்கைப் பின்னால் சொல்கிறேன். தன்னம்பிக்கைப் பயிற்சி என்பது என்ன, அது நம்மை ஏன் இழுக்கிறது, எங்கே நம்மைக் கைவிடுகிறது என்பதை என் அறிவுக்கு எட்டிய அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இழுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார்; இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா தக்காளி பறிக்கவும் களை எடுக்கவும் கூலிக்குச் செல்பவர். இவர்கள் இருவரும் எனக்குச் சொல்லக்கூடிய அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: 'நல்லாப் படி கண்ணு.' எதைப் படிப்பது, எப்படிப் படிப்பது, படித்து முடித்தால் எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளை அனுப்புவது என்று அவர்களைக் கேட்டுப் பயனில்லை. பேராசிரியர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் முதலாண்டில் துறை அறையின் கதவருகே சென்று, உள்ளே நான்கு பேர் அமர்ந்திருப்பதைக் கண்டு, தண்ணீர் குடிக்க வந்தவனைப்போல் திரும்பிவிட்ட அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

அத்தகைய ஒருவனிடம், நன்றாக உடுத்திய ஒரு பெரிய மனிதர், நல்ல தமிழில், 'தம்பி, உன்னால முடியும்' என்று சொல்கிறார். எனக்கு அப்படி யாரும் அதுவரை சொன்னதில்லை. இதை எள்ளி நகையாடுபவர்களைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. வழிகாட்ட வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் விலை தெரியாது.

அப்போது துணைப்பாடக் கணிதத்தில் நான் 75க்கு 14 மதிப்பெண் பெற்றுத் தவறியிருந்தேன். முதற்கூட்டம் இலவசம் என்றார்கள், போனேன். இரண்டு நாள் முகாமுக்குக் கட்டணம் 3,500 ரூபாய் என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

'எவ்வளவு கண்ணு?'

'மூவாயிரத்து ஐந்நூறும்மா.'

'போனா பாஸாயிடுவியா?'

'ஆயிடுவேம்மா.'

அடுத்த செவ்வாய்க்கிழமை குழுக் கூட்டத்தில் அம்மா கடன் எழுதி வாங்கி வந்தார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை.

முகாம் ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. ஏறத்தாழ நூற்றெண்பது பேர் இருந்தோம். காலையில் இசை முழங்கியது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். கை தட்டச் சொன்னார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளைத் தட்டி 'நீங்கள் வெற்றியாளர்' என்று சொல்லச் சொன்னார்கள். பயிற்சியாளர் தம் கதையைச் சொன்னார். பேருந்து நிலையத்தில் படுத்துறங்கிய நாட்கள், பட்டினி, பின்னர் ஒருநாள் எடுத்த முடிவு, இன்று சொந்தக் கார். பிற்பகலில் விளக்குகளை அணைத்தார்கள். கண்களை மூடி, எங்கள் பெற்றோரின் பாதங்களை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்பாவின் பாதங்கள் சிமெண்டால் வெடித்துப் பிளந்தவை. மண்டபம் முழுவதும் விம்மல் கேட்டது, நானும் அழுதேன். அந்தக் கண்ணீரில் பொய் எதுவும் இல்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மலையைக் கட்டியிழுக்கலாம்போல் இருந்தது.

மறுநாள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓடு கொடுத்து, அதில் நம் பயத்தை எழுதச் சொல்லி, இரண்டு செங்கற்களின்மேல் வைத்து, கையால் உடைக்கச் சொன்னார்கள். நான் 'கணிதம்' என்று எழுதினேன். ஓங்கி அடித்தேன், ஓடு இரண்டாயிற்று. கைதட்டல். மாலையில், அடுத்த நிலைப் பயிற்சிக்கு 25,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. தயங்கியவர்களிடம், 'தயக்கம்தான் உங்கள் எதிரி. இப்போதுதானே அதை உடைத்தீர்கள்?' என்று கேட்டார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி! என் சட்டைப்பையில் பேருந்துக்கான முப்பது ரூபாய் மட்டுமே இருந்தது. வறுமை சில நேரங்களில் காவலாகவும் அமைந்துவிடுகிறது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் அந்த ஓட்டைப் பற்றிச் சில சொற்கள். சுட்ட மண்ணால் ஆன பொருள்கள் அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லவை. இழுவிசையைத் தாங்குவதில் மிகவும் மெலிந்தவை. இரு முனைகளிலும் தாங்கப்பட்ட ஓட்டின் நடுவே அடித்தால், அது நூலிழை அளவு வளைகிறது. மேற்பரப்பு அழுந்துகிறது, கீழ்ப்பரப்பு இழுபடுகிறது. கீழ்ப்பரப்பில் உள்ள ஏதோவொரு நுண்விரிசல் அந்த இழுவிசையால் வாய்திறந்து, கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்வரை ஓடிவிடுகிறது. ஓட்டைத் தரையில் படிய வைத்து அடித்துப் பாருங்கள். எத்தனை தன்னம்பிக்கை இருந்தாலும் கைதான் வீங்கும். ஓட்டை உடைத்ததில் என் மனத்தின் பங்கைவிட அந்த இரண்டு செங்கற்களின் பங்கே பெரிது.

வெளிநாடுகளில் இதற்குப் பதிலாகத் தீக்கனலின்மேல் நடக்கவைக்கிறார்கள். நம் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி கண்டவர்களுக்கு இது புதுமையன்று. மரக்கரி வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். மேலே படிந்த சாம்பல் அதை இன்னும் மட்டுப்படுத்தும். பாதம் ஒரு நொடிக்கும் குறைவாகவே கனலில் படுகிறது. ஆகவே விரைந்து நடப்பவருக்குப் பெரும்பாலும் காயமில்லை. நின்றுவிட்டாலோ, கனல் ஆழமாகக் கிடந்தாலோ சுடும். 2016ஆம் ஆண்டு அமெரிக்காவின் டாலஸ் நகரில், உலகப் புகழ்பெற்ற ஊக்க உரையாளர் டோனி ராபின்ஸ் நடத்திய நிகழ்ச்சியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் தீக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றனர். அதைவிடக் கொடியது 2009 அக்டோபரில் அரிசோனா மாநிலத்துச் செடோனாவில் நடந்தது. ஜேம்ஸ் ஆர்தர் ரே என்பவர், ஆளுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் பெற்று நடத்திய முகாமின் இறுதியில், பழுக்கக் காய்ச்சிய கற்களும் நீராவியும் நிறைந்த கூடாரத்துக்குள் மக்களை அமரவைத்தார். வெளியேற நினைப்பதே மனத்தின் தோல்வி என்று அவர்கள் நம்பவைக்கப்பட்டிருந்தனர். மூவர் இறந்தனர். 2011இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. உடல் 'போதும்' என்று சொல்லும்போது அதைப் பயம் என்று பெயரிட்டு மீறச் சொல்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இனி, இக்கலை பிறந்த கதைக்கு வருவோம். 'சுய உதவி' என்ற பெயரையே உலகுக்குப் பரப்பிய நூலை எழுதியவர் ஸ்காட்லாந்து நாட்டவரான சாமுவேல் ஸ்மைல்ஸ். மருத்துவம் படித்தவர், பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். அவருடைய நூல் வெளிவந்த ஆண்டு 1859. டார்வினின் பரிணாமக் கொள்கை நூல் வெளிவந்த அதே ஆண்டு. முதலாண்டிலேயே இருபதாயிரம் படிகள் விற்றன. 1871இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து அந்நாட்டு இளைஞர்களைப் பெரிதும் கவர்ந்தது. இவையெல்லாம் பலரும் சொல்பவை. ஆனால் அந்நூல் எப்படிப் பிறந்தது என்பதை ஸ்மைல்ஸே அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார்; அதைத்தான் நம் பயிற்சியாளர்கள் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஏழைத் தொழிலாளர் இளைஞர் இரண்டு மூன்று பேர், குளிர்கால மாலைகளில் கூடித் தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தனர். முதலில் ஒருவன் வீட்டு அறையில் கூடினார்கள். ஆட்கள் சேரச் சேர இடம் போதவில்லை. கோடை வந்ததும் வீட்டுத் தோட்டத்துக்கு மாறினார்கள். திடீரென மழை பெய்தால் சிலேட்டில் போட்ட கணக்குகள் அழிந்துபோகும். மீண்டும் குளிர்காலம் வந்தபோது அவர்கள் நூறு பேரளவுக்குப் பெருகியிருந்தனர். வாடகைக்குக் கிடைத்தது ஒரே ஓர் அழுக்கடைந்த கூடம். அதற்குமுன் காலரா நோயாளிகளுக்குத் தற்காலிக மருத்துவமனையாக இருந்ததால் யாரும் அண்டாத இடம். இந்த இளைஞர்களோ அஞ்சவில்லை. கொஞ்சம் தெரிந்தவன் அதனினும் குறைவாகத் தெரிந்தவனுக்குக் கற்பித்தான்; எழுத்து, கணக்கு, புவியியல், பின்னர் வேதியியலும்கூட. இவ்வளவும் நடந்தபின்தான், 'எங்களிடையே வந்து சிறிது பேசுங்கள்' என்று அவர்கள் ஸ்மைல்ஸை அழைத்தார்கள். 1845ஆம் ஆண்டில் அவர் ஆற்றிய அந்தச் சொற்பொழிவே பிற்காலத்தில் நூலாக வளர்ந்தது.

நண்பர்களே, இதில் உள்ள வரிசையைக் கவனியுங்கள். முதலில் வகுப்பு, பிறகு சொற்பொழிவு. நாம் வாங்கிவந்ததோ வகுப்பில்லாத சொற்பொழிவு. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 'தனக்குத்தானே உதவுதல்' என்று பெயர் பெற்ற நூலின் வேரில் இருந்தது ஒருவருக்கொருவர் உதவிய கூட்டம்.

அமெரிக்காவில் இக்கலையை வளர்த்த டேல் கார்னகியின் கதையும் ஏறத்தாழ இதே திசையைத்தான் காட்டுகிறது. மிசௌரி மாநிலத்து ஏழை உழவரின் மகன் அவர். 1912இல் நியூயார்க்கில் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் இரவு வகுப்பில் மேடைப்பேச்சு கற்பிக்கத் தொடங்கினார். மாணவர்களை ஒவ்வொருவராக எழுப்பிப் பேசவைத்தார்; அவ்வளவுதான். பேசப் பேசப் பயம் தெளிந்தது. அது ஒரு திறமையைக் கற்பித்த வகுப்பு. என் முகாமிலும் இத்தகைய ஒரு மணி நேரம் இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். இன்று துறை மன்றத்தில் நான் நன்றியுரை சொல்ல எழுகிறேன் என்றால் அந்த இரண்டு நிமிடத்துக்கும் அதில் பங்குண்டு.

தமிழுக்கு இவ்விலக்கியம் வந்த வழிதான் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903இல் ஒரு சிறு நூல் எழுதினார். மனிதனின் எண்ணங்களே அவன் சூழ்நிலையை உருவாக்குகின்றன என்பது அதன் சாரம். இன்றைய ஊக்க உரைகள் அனைத்துக்கும் தாய்வீடு அதுவே எனலாம். அதைத் தமிழில் 'மனம்போல வாழ்வு' என்ற பெயரில் தந்தவர் யார்? கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரம் பிள்ளை! அதுவும் எப்போது? 1908 முதல் 1912 வரை அவர் அனுபவித்த சிறைவாசத்தின்போது. பகலில் கோவைச் சிறையில் செக்கிழுத்த கைதான் அந்த வரிகளையும் எழுதியது.

இங்கே ஒரு கேள்வி எழாமலிருக்க முடியாது. சூழ்நிலையை எண்ணமே படைக்கிறது என்றால், வ.உ.சி.யின் எண்ணத்தில் எங்கே குறை? 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். எதிரில் நின்ற ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது; பின்னர் இலவசமாகவே ஏற்றிச் செல்லவும், குடை பரிசளிக்கவும்கூட முன்வந்தது. அது போதாதென்று அரசு அவரைச் சிறையிலிட்டது. கம்பெனி மூழ்கியது. வெளியே வந்தவருக்கு வக்கீல் உரிமையும் பறிபோயிருந்தது. கடையும் கணக்குமாக வறுமையில் உழன்றார். இத்தனையும் மனவலிமை குறைந்ததால் நேர்ந்தது என்று சொல்ல எந்தப் பயிற்சியாளருக்காவது நா எழுமா?

ஆனாலும் அவர் அந்நூலை நேசித்தார். அதே ஆசிரியரின் வேறு நூல்களையும் 'அகமே புறம்', 'வலிமைக்கு மார்க்கம்' என்று தமிழாக்கினார். எனக்குத் தோன்றுவது இதுதான்: கப்பலை மீட்கும் கருவியாக அவர் அதை எடுத்திருக்க முடியாது. செக்கடியில் மனம் முறிந்துவிடாமல் காக்கும் ஊன்றுகோலாக எடுத்திருக்கிறார். துன்பத்தில் இருப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது மருந்தாக இருக்கும் ஒரு சொல், வசதியாக இருப்பவன் துன்பப்படுபவனை நோக்கி அதையே சொல்லும்போது குற்றச்சாட்டாக மாறிவிடுகிறது.

நம் பெரியோர் பலர் எம்.எஸ்.உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' நூலைப் படித்து உரம் பெற்றதாகச் சொல்லக் கேட்கிறோம். அதை நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். நூல் நம்மை அடுத்த நிலைக்குப் பணம் கட்டச் சொல்லி வாசலை மறிப்பதில்லை.

அடுத்து, கொஞ்சம் கணக்கு. நம்மில் பெரும்பாலோர் எழுதப்போகும் தேர்வு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி நான்கு. 2024ஆம் ஆண்டுத் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். அதாவது முந்நூற்றிருபது பேருக்கு ஓர் இடம். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டன. அதைப் பத்தாயிரம் என்றே வைத்துக்கொண்டாலும் இருநூறு பேருக்கு ஓர் இடம். என் முகாமில் இருந்தவர்கள் நூற்றெண்பது பேர். 'முடிவெடுத்துவிட்டால் இந்த மண்டபத்தில் உள்ள ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டு அரசு ஊழியர்' என்றார் பயிற்சியாளர். நாங்கள் கை தட்டினோம். நூற்றெண்பது பேரும் எவ்வளவு உறுதியாக முடிவெடுத்தாலும் இடங்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் கூடாது. உழைப்பவனுக்கு வாய்ப்பு மிகும் என்பது உண்மை. ஆனால் உழைத்தும் கிடைக்காதவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள் என்பதும் அதே அளவு உண்மை. அந்த லட்சம் பேரில் ஒருவரையேனும் மேடையில் ஏற்றிப் பேசவைத்ததை நான் கண்டதில்லை. பேருந்து நிலையத்தில் படுத்துறங்கிக் கார் வாங்கியவர் மேடையில் நிற்கிறார். படுத்துறங்கி அங்கேயே கிடப்பவர்களுக்கு ஒலிவாங்கி கிடைப்பதில்லை.

உளவியல் அறிஞர்களும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் முதலானோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தம்மைத் தாமே புகழும் வாக்கியம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தனர். ஏற்கெனவே தன்மதிப்பு மிக்கவர்களுக்கு அது சிறிது மகிழ்ச்சி தந்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களுக்கோ முன்பைவிட மனம் தாழ்ந்தது. யாருக்குத் தேவையோ அவருக்கே அது எதிராகிவிட்டது! ஜெர்மனியில் படிப்பை முடிக்கும் மாணவர்களை கேப்ரியல் ஓட்டிங்கன் ஆராய்ந்து 2002இல் எழுதியதும் கருதத்தக்கது. நல்ல வேலை கிடைத்துவிட்டதுபோல் இனிய கனவில் அடிக்கடி திளைத்தவர்கள், இரண்டாண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, குறைவான விண்ணப்பங்களே அனுப்பியிருந்தனர். குறைவான வேலை வாய்ப்புகளும் குறைவான ஊதியமுமே பெற்றிருந்தனர். வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நன்றாகவே இருந்தனர். எதிர்பார்ப்பு வேறு, பகற்கனவு வேறு. முன்னது நாம் செய்துவந்ததைக் கணக்கில் எடுத்துப் பிறப்பது; பின்னது ஓடு உடைந்த ஓசையில் பிறப்பது.

பீட்டர் கோல்விட்சர் முதலானோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. விடுமுறையில் இரண்டு நாளுக்குள் ஓர் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார்கள். ஒரு சாராரை மட்டும், 'எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதுவீர்கள் என்று இப்போதே குறித்துவையுங்கள்' என்றார்கள். குறித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் உரிய காலத்தில் எழுதினர். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே. இதற்கு இசையும் வேண்டாம், இருட்டும் வேண்டாம். ஒரு துண்டுத்தாள் போதும்.

என் கதைக்குத் திரும்புகிறேன். முகாமின் சூடு எனக்குப் பதினொரு நாள் இருந்தது. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தேன். கண்ணாடி முன் நின்று சொல்லச் சொன்னதைச் சொன்னேன். கணிதப் புத்தகத்தைத் திறந்தேன். புரியாதது அப்படியே புரியாமல் இருந்தது. மறுபடி தேர்வெழுதினேன். 75க்கு 17. மூன்று மதிப்பெண் முன்னேற்றம்!

முகாமில் கொடுத்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். உதவியாளர் ஒருவர் பேசினார். 'தம்பி, நீங்க முழு மனசோட உள்ள வரல. எங்கயோ ஒரு சந்தேகம் வெச்சிருக்கீங்க. அடுத்த நிலைக்கு வாங்க, சரியாயிடும்' என்றார். ஒரு வாரம் நானும் அதை நம்பினேன். ஓடு உடைத்தபோது ஒரு கணம் ஐயப்பட்டேனோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். இதுதான் இத்தொழிலின் மிகப் பெரிய பள்ளம் என்பது என் முடிவு. மாணவன் தேறினால் பயிற்சியின் வெற்றி. தவறினால் மாணவனின் நம்பிக்கைக் குறைவு. எந்த அளவைக் காட்டினாலும் தன்மேல் பிழையே இல்லை என்று சொல்லும் ஒரு கருவியை நம் ஆய்வகத்தில் எந்த ஆசிரியராவது மேசைமேல் வைத்திருப்பாரா?

அந்த வாரத்தில் ஒருநாள் துறை அறையின் கதவை எப்படியோ தட்டிவிட்டேன். கணித ஆசிரியர் நான் எழுதிப்பார்த்த தாளை வாங்கிப் பார்த்தார். 'எங்கப்பா நிக்குது உனக்கு?' என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள், 3,500 ரூபாய், நூற்றெண்பது பேர். அத்தனைக்கும் நடுவில் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. எந்தப் பாடம் என்றுகூடக் கேட்கவில்லை.

நேர்மாறு லாப்லாஸ் உருமாற்றம் என்றேன். ஒரு கணக்கைப் போடச் சொன்னார். மூன்றாவது வரியில் நின்றது. அவர் சிரித்துக்கொண்டே, 'இது லாப்லாஸ் இல்லப்பா. உனக்குப் பகுதிப் பின்னம் வரல. அது பதினொண்ணாம் வகுப்பு' என்றார்.

பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் பகுதிப் பின்னங்கள் தொடக்கத்திலேயே வரும் பாடம். நான் பதினொன்றில் சேர்ந்தது 2021இல். கொரோனாவால் அவ்வாண்டு பள்ளிகள் செப்டம்பரில்தான் திறந்தன. அதுவரை பாடம் கைப்பேசியில் நடந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே கைப்பேசி. அது அப்பாவுடன் பெங்களூரில் இருந்தது.

இதை அறிந்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. என்னிடம் இல்லாமற்போனது ஒரு கைப்பேசியும் எட்டுப் பக்கப் பாடமும்! விடுதியில் தங்கியிருக்கும் கணிதத்துறை நண்பன் ஒருவன் ஆறு மாலைகளில் அந்த எட்டுப் பக்கத்தைச் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குத் துணைப்பாடமாக இருந்த இயற்பியலில் செய்முறையைக் கண்டால் நடுக்கம். திருகு அளவியில் சுழிப்பிழை பார்ப்பதை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் முறை எழுதியபோது எனக்கு 75க்கு 41.

அம்மாவின் கடன் பத்தாம் தவணையில் தீர்ந்தது. அசல் 3,500, வட்டி 192 ரூபாய் 50 காசு. கணக்கைக் குழுவின் பேரேட்டில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்போதுதான் அட்டையில் இருந்த பெயரை உற்றுப் பார்த்தேன்: மகளிர் சுய உதவிக் குழு. தமிழ்நாட்டில் அரசு முயற்சியில் இக்குழுக்கள் முதன்முதலாகத் தொடங்கப்பட்டது நம் தருமபுரி மாவட்டத்தில்தான். 1989ஆம் ஆண்டில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அம்மாவின் குழுவில் பதினான்கு பேர். யாருக்கு எவ்வளவு தேவை, எதற்குத் தேவை, எப்போது திருப்ப முடியும் என்று கேட்காமல் அவர்கள் ஒரு ரூபாய்கூடக் கொடுப்பதில்லை. என் கடனுக்கும் கேட்டிருக்கிறார்கள். 'பையன் கணக்குல தவறிட்டான், அதுக்கு ட்யூசன்' என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

நானும் என் நண்பனும் தொடங்கிய மாலை வகுப்பில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறோம். நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடியில், திங்கள், புதன், வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். கடைசிப் பேருந்துக்குச் செல்வோர் ஐந்தேகாலுக்குக் கிளம்பிவிடுவர். கணிதமும் இயற்பியலும் எங்களால் இயலும். ஆங்கிலத்துக்கும் வேதியியலுக்கும் சொல்லித்தர ஆளில்லை. இந்த இரண்டில் ஏதேனும் ஒன்று ஓரளவு வரும் என்பவர்கள், எந்தத் துறையினராயினும் வரலாம். மழை பெய்தால் இரண்டாம் தளத்து வராந்தா.